எல்பனோரின் துடுப்பு

அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு மண்ஜாடி இருக்கிறது. கி.மு. 440 வாக்கில் ஏதென்ஸில் வனைந்து சுட்டது. கறுப்புப் பின்னணியில் செம்மண் நிறத்தில் மூன்று உருவங்கள். நடுவில் ஒருவன் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறான். கையில் உருவிய வாள், காலடியில் கழுத்தறுபட்ட இரண்டு ஆடுகள். எதிரே நாணல்களுக்கு நடுவிலிருந்து ஓர் இளைஞன் எழுந்து வருகிறான். எழுந்துவிட்டான் என்றும் சொல்ல முடியாது. கை பாறையை ஊன்றியிருக்கிறது, கால்கள் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. பின்னால் ஹெர்மஸ் என்ற தேவதூதன் நிற்கிறான்.

உட்கார்ந்திருப்பவன் ஒடிசியஸ். எழுந்து வருபவன் எல்பனோர். ஹோமரின் ஒடிசி காவியத்தில் இறந்தவர்களைச் சந்திக்கப் போகும் ஒடிசியஸ் அங்கே மாவீரன் அக்கிலிஸைப் பார்க்கிறான், மன்னன் அகமெம்னானைப் பார்க்கிறான், தீர்க்கதரிசி டைரீசியஸைப் பார்க்கிறான். ஜாடியில் வரைய அத்தனை பெரிய மனிதர்கள் இருந்தும் அந்த ஓவியன் தேர்ந்தெடுத்தது குடிபோதையில் கூரையிலிருந்து விழுந்து செத்த ஒரு கடைநிலைப் படைவீரனை. கதையை அவன் சரியாகப் படித்திருக்கிறான் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்று அந்தக் கதை அப்படிப் படிக்கப்படுவதில்லை. ஜோசப் கேம்ப்பெல் 1949-ல் ‘ஆயிரம் முகங்கள் கொண்ட நாயகன்’ என்ற நூலை எழுதினார். உலகத்துப் புராணங்கள் பலவற்றின் அடியிலும் ஒரே பயணம் இருக்கிறது என்பது அவர் வாதம். நாயகன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான், இருளுக்குள் இறங்குகிறான், சோதனையை வெல்கிறான், ஒரு பரிசோடு திரும்புகிறான். ஹாலிவுட்டில் கிறிஸ்டோபர் வோக்லர் அதைத் திரைக்கதை எழுதுபவர்களுக்காக 12 படிகளாகச் சுருக்கினார். அந்த வாய்ப்பாட்டில் கீழுலகம் என்பது நாயகன் கடந்து போகவேண்டிய ஒரு படி. உள்ளே போ, அடி, எடு, வெளியே வா. டிஸ்னியின் 1997-ஆம் ஆண்டு ‘ஹெர்குலிஸ்’ படத்தில் நாயகன் காதலியின் உயிரை மீட்டு வந்து, கீழுலகத்தின் அரசன் ஹேடீஸை ஒரே குத்தில் ஆன்மாக்களின் ஆற்றுக்குள் தள்ளுகிறான். அதைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு ஹேடீஸ் என்றால் வில்லன், கீழுலகம் என்றால் சண்டைக்களம்.

மூலக் கதைகளைப் புரட்டினால் எண்ணிக்கையே வேறு மாதிரி வருகிறது. கிரேக்க நாயகர்களில் கீழுலகத்திலிருந்து எதையாவது கொண்டுவந்து வைத்துக்கொண்டவர் அநேகமாக யாரும் இல்லை. ஆர்ஃபியஸ் பாடியே ஹேடீஸைக் கரைத்து, மனைவி யூரிடிசியை வாசல்வரை கூட்டிவந்து, திரும்பிப் பார்த்து இழந்தான். தீசியஸும் அவன் நண்பன் பெரிதோவஸும் ஹேடீஸின் மனைவி பெர்சிஃபனியையே தூக்கிவரப் போனார்கள். உட்காரச் சொன்ன ஆசனத்தில் ஒட்டிக்கொண்டார்கள். தீசியஸைப் பிறகு ஹெரக்ளிஸ் (டிஸ்னியின் ஹெர்குலிஸ்) இழுத்தெடுத்தான், பெரிதோவஸ் அங்கேயே கிடந்தான். ஹெரக்ளிஸ் மட்டும் செர்பரஸ் என்ற காவல்நாயைப் பிடித்து வந்தான். அதுவும் ஹேடீஸிடம் கேட்டு, ஆயுதம் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டு. மன்னன் யூரிஸ்தியஸுக்குக் காட்டிவிட்டு நாயைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டான்.

அப்படியானால் இவர்கள் ஏன் போனார்கள்? கிரேக்கர்கள் ஏன் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்?

விடை ஒடிசியின் 11-ஆம் காண்டத்தில் இருக்கிறது. மொத்தம் 24 காண்டங்கள் கொண்ட காவியத்தில் இது 640 வரிகள். டிராய்ப் போர் முடிந்து 12 கப்பல்களோடு புறப்பட்ட ஒடிசியஸுக்கு இப்போது மிஞ்சியிருப்பது ஒரே கப்பல். கிர்க்கே என்ற மாயக்காரியின் தீவில் ஓராண்டு தங்கியாகிவிட்டது. ஊர் திரும்ப வழி கேட்டால், இறந்தவர்களின் வீட்டுக்குப் போய் டைரீசியஸின் ஆவியிடம் கேள் என்கிறாள் அவள். அதைக் கேட்டதும் ஒடிசியஸ் கட்டிலில் உட்கார்ந்து அழுகிறான். வீர வசனம் ஒன்றும் பேசவில்லை. இனி வாழவே பிடிக்கவில்லை என்ற நிலைக்குப் போய்விடுகிறான்.

கிளம்பும் நாள் காலையில்தான் அந்த விபத்து. எல்பனோர் படையில் வயதில் இளையவன். போரில் பெரிய சூரனும் இல்லை, புத்திசாலியும் இல்லை என்று ஹோமர் ஒளிக்காமல் சொல்கிறார். முந்தைய இரவு குடித்துவிட்டு, காற்றுக்காகக் கூரைமேல் படுத்திருந்தான். கீழே ஆட்கள் புறப்படும் சந்தடி கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தவன், ஏணி இருந்த பக்கம் போகாமல் கால்போன பக்கம் நடந்து விழுந்தான். கழுத்து முறிந்தது. அவனை எரிக்கவில்லை, புதைக்கவில்லை, அவனுக்காக அழவும் இல்லை. வேறு வேலை நெருக்கியது, போய்விட்டார்கள்.

உலகின் விளிம்பில், சூரியனே எட்டிப்பார்க்காத கிம்மேரியர் நாட்டுக் கரையில் கப்பல் ஒதுங்குகிறது. ஒடிசியஸ் வாளால் ஒரு முழ நீளம், ஒரு முழ அகலத்துக்குக் குழி தோண்டுகிறான். தேன் கலந்த பால், பிறகு திராட்சைமது, பிறகு தண்ணீர். மேலே வாற்கோதுமை மாவைத் தூவுகிறான். ஆட்டுக்கடா ஒன்றையும் கறுப்புப் பெண்ணாடு ஒன்றையும் அறுத்து ரத்தத்தைக் குழியில் விடுகிறான். ரத்த வாடைக்குக் கூட்டமாக வருகிறார்கள்: புது மணப்பெண்கள், கல்யாணமாகாத வாலிபர்கள், பாடுபட்டுத் தேய்ந்த கிழவர்கள், ஈட்டி பாய்ந்த காயத்தோடு ரத்தக்கறை படிந்த கவசத்தில் நிற்கும் படைவீரர்கள். டைரீசியஸ் வரும்வரை யாரும் ரத்தத்தைத் தொடக்கூடாது. வாளை உருவிக்கொண்டு ஒடிசியஸ் காவல் உட்காருகிறான்.

முதலில் வந்து நிற்பவன் எல்பனோர்.

நான் கப்பலில் வந்தேன், நீ நடந்தே எனக்கு முன்னால் வந்துவிட்டாயா என்று ஒடிசியஸ் கேட்கிறான். அந்தக் கேள்வியின் வெகுளித்தனத்தில் ஒரு திகைப்பு ஒளிந்திருக்கிறது. காலையில் விட்டுவந்த பிணம் எதிரே நிற்கிறது. எல்பனோர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பழிவாங்கச் சொல்லவில்லை, பொன் கேட்கவில்லை. திரும்பிப் போகும்போது என்னை அப்படியே விட்டுவிடாதே, என் ஆயுதங்களோடு எரி, கடலோரத்தில் மண்மேடு குவி, உயிரோடு இருந்தபோது நான் வலித்த துடுப்பை அதன்மேல் நட்டு வை. தன் வாழ்க்கையில் தனக்கென்று சொல்லிக்கொள்ள அவனுக்கு இருந்தது அந்தத் துடுப்புதான். ஒடிசியஸ் வாக்குக் கொடுக்கிறான்.

அடுத்து வருபவள் அவன் தாய் ஆன்டிக்ளியா. டிராய்க்குக் கிளம்பியபோது உயிரோடு இருந்தவள். அவள் இறந்த செய்தியே அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. அழுகை முட்டுகிறது. ஆனாலும் வாளை விலக்கவில்லை, டைரீசியஸ் வரவேண்டும். பெற்ற தாயை வாள்முனையில் தள்ளி நிறுத்தி உட்கார்ந்திருக்கும் மகன்! ஒடிசி முழுவதிலும் இதைவிட நெஞ்சை அடைக்கும் காட்சி இல்லை. டைரீசியஸ் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போன பிறகே அவள் ரத்தத்தைப் பருகி மகனை அடையாளம் கண்டுகொள்கிறாள். தன்னைக் கொன்றது நோய் இல்லை, மகன்மேல் வைத்த ஏக்கம் என்கிறாள். அப்பா லேயர்டீஸ் கோடையில் திராட்சைத் தோட்டத்துச் சருகுகள்மேலும் குளிர்காலத்தில் அடுப்புச் சாம்பலோரம் வேலையாட்களோடும் படுத்துக் கிடக்கிறார் என்கிறாள். மூன்று முறை அவளைக் கட்டிக்கொள்ளப் பாய்கிறான். மூன்று முறையும் நிழல்போல, கனவுபோலக் கைகளுக்குள்ளிருந்து நழுவிப் போகிறாள்.

இங்கே வாய்ப்பாடு கேட்கும் பரிசு எது? டைரீசியஸின் அறிவுரைதான் பரிசு என்று சொல்லலாம். சூரியதேவனின் மாடுகளைத் தொடாதே என்று அவர் எச்சரிக்கிறார். அதைக் கேட்டுவந்தும் ஒடிசியஸின் ஆட்கள் பசி தாங்காமல் மாடுகளைத் தின்றார்கள், எல்லோரும் கடலில் மாண்டார்கள். ஊர் திரும்பும் கடல்வழியில் பாடி மயக்கும் சைரன்கள் எங்கே, ஆட்களை விழுங்கும் அரக்கி சில்லா எங்கே என்ற விவரத்தை டைரீசியஸ் சொல்லவே இல்லை. திரும்பி வந்த பிறகு அதைச் சொல்பவள், அவனை அங்கே அனுப்பிய அதே கிர்க்கே. இதை ஹோமரின் தவறு என்றும், பிற்காலத்தில் யாரோ செருகியது என்றும் அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். அப்படி நினைக்கத் தேவையில்லை. வழி கேட்கப் போனவன் உண்மையில் கேட்டு வந்தது தான் விட்டுவந்த மனிதர்களின் குரலை. அந்த 640 வரிகளில் பெரும்பகுதி அதற்கே செலவாகிறது.

அகமெம்னான் வருகிறான். பத்தாண்டுப் போரை வென்று வீடு திரும்பி, சொந்த மனைவியும் அவள் காதலனும் செய்த சதியில் விருந்துமேசை அருகே வெட்டுண்டு விழுந்தவன். அக்கிலிஸ் வருகிறான். உயிரோடு இருந்தபோது தேவர்போல மதிக்கப்பட்டாய், இங்கேயும் நீதான் தலைவன் என்று ஒடிசியஸ் ஆறுதல் சொல்ல, செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, நிலமில்லாத ஏழை ஒருவனிடம் கூலியாளாக இருப்பது மேல் என்ற பொருளில் பதில் வருகிறது. நீண்ட ஆயுளை விட்டுப் புகழைத் தேர்ந்தவன் இலியட்டின் அக்கிலிஸ். அவன் வாயாலேயே இதைச் சொல்ல வைக்க ஒரு கவிக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! பிறகு மகனைப் பற்றிக் கேட்கிறான். நன்றாகப் போரிட்டான் என்று தெரிந்ததும் வெள்ளைப் பூக்கள் பூத்த புல்வெளியில் நீண்ட எட்டுவைத்து நடந்து போகிறான்.

ஏஜாக்ஸ் மட்டும் கிட்டே வரவில்லை. அக்கிலிஸ் இறந்தபின் அவன் கவசம் யாருக்கு என்ற போட்டியில் ஒடிசியஸ் வென்றான். தோற்ற ஏஜாக்ஸ் தன் வாளாலேயே உயிரை விட்டான். இப்போது ஒடிசியஸ் கெஞ்சுகிறான். அந்தப் போட்டியில் ஜெயிக்காமலே இருந்திருக்கலாம் என்கிறான். ஏஜாக்ஸ் ஒரு வார்த்தை பேசாமல் இருளுக்குள் திரும்பி நடக்கிறான். அந்த மௌனம் எந்தப் பேச்சையும்விடப் பெரியது என்று லாஞ்சைனஸின் பெயரில் வழங்கும் பழைய இலக்கியத் திறனாய்வு நூல் வியக்கிறது. பின்னாளில் ரோமக் கவி வெர்ஜில் தன் ஏனிய்ட் காவியத்தில், நாயகன் ஏனியஸ் கைவிட்ட காதலி டைடோவைக் கீழுலகத்தில் அதே மாதிரி பேசாமல் திரும்ப வைத்தார். மன்னிப்புக் கேட்க ஆள் இருக்கும்வரை கேட்கலாம். செத்த பிறகு பதில் வராது என்பதை ஹோமர் ஒரு முதுகைக் காட்டிச் சொல்லிவிடுகிறார்.

பலசாலியான ஹெரக்ளிஸுக்கும் இப்படி ஒரு சந்திப்பு உண்டு. பாக்கிலிடிஸ் என்ற கவிஞர் கி.மு. 476-ல் சிராக்யூஸ் மன்னன் ஹைரானின் ஒலிம்பிக் வெற்றிக்காகப் பாடிய பாட்டு அது. பல நூற்றாண்டுகளாகக் காணாமல் போயிருந்த அவருடைய பாட்டுகள் எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருளிலிருந்து 1897-ல் அச்சேறின. நாயைப் பிடிக்க வந்த ஹெரக்ளிஸ், மெலியாகர் என்ற வீரனின் ஆவியைப் பார்த்து வில்லில் அம்பு தொடுக்கிறான். செத்தவர்மேல் எதற்கு அம்பு என்று மெலியாகர் தடுத்துத் தன் கதையைச் சொல்கிறான். வாழ்நாளில் அந்த ஒரு முறைதான் ஹெரக்ளிஸின் கண் கலங்கியது என்கிறார் கவிஞர். உருகிப்போனவன், உன்னைப் போலவே ஒரு தங்கை வீட்டில் இருக்கிறாளா, அவளை மணந்துகொள்கிறேன் என்று கேட்கிறான். இருக்கிறாள், பெயர் டயனைரா. பாட்டில் கதை அந்தப் பெயரோடு நிற்கிறது. அவள் அறியாமல் அனுப்பப்போகும் நஞ்சு தோய்ந்த அங்கிதான் ஹெரக்ளிஸைக் கொல்லும் என்பது கேட்டுக்கொண்டிருந்த கிரேக்கர் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

தமிழில் எழுதும்போது, அரசனின் பெயராலேயே ஹேடீஸ் என்று வழங்கும் கீழுலகத்தை நரகம் என்றோ பாதாளம் என்றோ போட்டுவிடும் பழக்கத்தையும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். நரகம் என்றதும் நமக்கு எண்ணெய்க் கொப்பரை நினைவுக்கு வருகிறது, பாதாளம் என்றதும் நாகர்கள் வருகிறார்கள். கிரேக்கரின் ஹேடீஸ் நல்லவன் கெட்டவன் பாராமல் எல்லோரும் போய்ச் சேரும் மங்கலான ஒரு வீடு. டான்டலஸ், சிசிஃபஸ் போலத் தண்டனை அனுபவிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. மற்றவர்களுடைய துன்பம் தண்டனையால் வருவதில்லை. மறக்கப்படுவதால் வருகிறது. ‘இறந்தவர்களின் வீடு’ என்று நேராகச் சொன்னாலே கதை பாதி விளங்கிவிடும்.

இதெல்லாம் காவியத்துக்குள் மட்டும் நடந்தது என்று எண்ணவேண்டாம். வடமேற்கு கிரீஸில் அக்கெரான் என்ற ஆறு இன்றும் ஓடுகிறது. கோடையில் சுற்றுலாப் பயணிகள் ரப்பர் படகில் மிதந்து போகிறார்கள். பழங்காலத்தில் அதன் கரையில் இறந்தவர்களிடம் குறி கேட்கும் இடம் ஒன்று இருந்ததாக ஹெரடோட்டஸ் எழுதுகிறார். கொரிந்த் நகரின் சர்வாதிகாரி பெரியாண்டர், இறந்துபோன மனைவி மெலிஸாவிடம் ஒரு விஷயம் கேட்டுவர அங்கே ஆள் அனுப்பினான். எனக்குக் குளிர்கிறது, உடுத்த ஒன்றுமில்லை, என்னோடு புதைத்த துணிகளை எரிக்காததால் அவை எனக்கு உதவவில்லை என்று சொல்லி, அவன் கேட்டதற்குப் பதில் தர மறுத்தாள் மெலிஸா. பெரியாண்டர் நகரத்துப் பெண்களை எல்லாம் கோயிலுக்கு வரவழைத்து, அவர்கள் உடுத்தியிருந்ததைப் பறித்து மொத்தமாக எரித்தான். கொடுங்கோலனின் பரிகாரம்கூடக் கொடுமையாகத்தான் இருந்தது. ஆனால் செத்தவளுக்குக் குளிரும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்தக் குறிமேடையைக் கண்டுபிடித்துவிட்டதாகத் தொல்லியலாளர் சொட்டிரியோஸ் டக்காரிஸ் 1958-ல் தொடங்கிய அகழாய்வுக்குப் பின் அறிவித்தார். தடித்த சுவர்கள், வளைந்து செல்லும் இருட்டு வழி, நிலத்தடி அறை, உலோக வளையங்கள். ஆவியைப்போல ஓர் உருவத்தைக் கயிற்றில் இறக்கும் பொறியின் பாகங்கள் என்று அவற்றை விளக்கினார். பிறகு 1979-ல் ஜெர்மன் ஆய்வாளர் டீட்வுல்ஃப் பாட்ஸ், அவை எறிகணை வீசும் போர்ப்பொறிகளின் பாகங்கள் என்று காட்டினார். கட்டடம் அரண் கட்டிய பண்ணைவீடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அறிவிப்புப் பலகையை நம்பிப் படிகளில் இறங்கும் பயணிகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். இறந்தவர்களோடு பேச ஒரு வாசல் எங்காவது இருக்கவேண்டும் என்ற ஆசை தோண்டுபவரையும் விட்டுவைப்பதில்லை.

கி.மு. 406-ல் ஏதென்ஸ் கடற்படை அர்கினுசை தீவுகள் அருகே ஸ்பார்ட்டாவை வென்றது. வென்றும் 25 கப்பல்களை இழந்தது. புயல் எழுந்ததால் உடைந்த கப்பல்களில் தொங்கிக்கொண்டிருந்தவர்களையும் மிதந்த உடல்களையும் தளபதிகள் மீட்கவில்லை. வெற்றி வீரர்களாக ஊர் திரும்பியவர்கள்மேல் மக்கள் மன்றம் வழக்குத் தொடுத்தது. தனித்தனியே விசாரிக்காமல் மொத்தமாகத் தீர்ப்புச் சொல்வது சட்டவிரோதம் என்று அன்று பொறுப்பில் இருந்த சாக்ரடீஸ் எதிர்த்தும் பயனில்லை. ஆறு தளபதிகளுக்கு மரண தண்டனை. அந்தத் தீர்ப்பு அநியாயமானது. அதன் அடியில் இருந்த துக்கம் பொய்யில்லை. துடுப்பு வலித்த ஆயிரக்கணக்கான எல்பனோர்களை ஒரு நகரம் கடலிலேயே விட்டுவந்திருந்தது. சில மாதங்களில், கி.மு. 405-ல், அதே நகரத்தின் அரங்கில் அரிஸ்டோஃபனிஸின் ‘தவளைகள்’ நாடகம் மேடையேறி முதல் பரிசு வாங்கியது. ஊரைக் காப்பாற்ற ஒரு நல்ல கவிஞன் வேண்டும் என்று நாடகத்தின் தெய்வமான டயனைசஸ் கீழுலகத்துக்கு இறங்கிப் போகிற நாடகம். அதில் படகோட்டி கேரான், அந்தக் கடற்போரில் சண்டையிட்டவனாக இருந்தால் ஒழிய டயனைசஸின் அடிமையை ஏற்றமாட்டேன் என்கிறான். சிரித்த பார்வையாளர்களில் எத்தனை பேருடைய மகன் அந்த அலைகளில் கிடந்தானோ.

நம் காலத்தில் இதைச் சரியாகப் படித்தவர்களில் ஒருவர் மருத்துவர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு பாஸ்டனில் மனநல சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே, 2002-ல் ‘அமெரிக்காவில் ஒடிசியஸ்’ என்ற நூலை எழுதினார். ஒடிசியஸின் அலைச்சலை, போர்க்களத்திலிருந்து உடம்பு திரும்பியும் மனம் திரும்பாதவனின் கதையாக அவர் படிக்கிறார். அந்தப் படிப்பில் கீழுலகக் காண்டம் முக்கியமானது. தூங்கவிடாமல் வந்து நிற்கும் தோழர்களின் முகங்கள் அவர் சிகிச்சை அளித்தவர்களுக்கும் இருந்தன. ஒடிசியஸ் இந்தக் கதையை யாரிடம் சொல்கிறான் என்பதையும் கவனிக்கவேண்டும். ஃபியேசியர் அரண்மனையில், விருந்து முடிந்த இரவில், முன்பின் தெரியாதவர்களிடம் தானே சொல்கிறான். நடுவில் நிறுத்தித் தூங்கப்போகட்டுமா என்கிறான். இரவு நீளமானது, சொல் என்கிறான் மன்னன் அல்சினவஸ். கேட்கக் காதுகள் கிடைத்த பிறகே அக்கிலிஸும் ஏஜாக்ஸும் கதைக்குள் வருகிறார்கள்.

திரைக்கதைப் பயிலரங்குகளில் இந்தக் காண்டத்தை ‘இருண்ட குகைக் கட்டம்’ என்று ஒரு வரியில் கடந்துபோகும் ஆசிரியர்கள் மாணவர்களுக்கு அதை முழுதாக ஒருமுறை வாசித்துக் காட்டவேண்டும். குழந்தைகளுக்காக ஒடிசியைச் சுருக்குபவர்கள் ஒற்றைக்கண் அரக்கனுக்கு நான்கு பக்கம் கொடுக்கட்டும், எல்பனோருக்கு ஒரு பக்கமாவது கொடுக்கட்டும். பாட்டியை இழந்த எட்டு வயதுக் குழந்தைக்கு ஆன்டிக்ளியாவின் கதை நிச்சயம் புரியும்.

12-ஆம் காண்டம் திறக்கும்போது கப்பல் கிர்க்கேயின் தீவுக்கே திரும்பியிருக்கிறது. வீட்டுக்குப் போகும் திசையில் ஒரு துடுப்புகூட இன்னும் போடவில்லை. விடிந்ததும் ஒடிசியஸ் ஆட்களை அனுப்பி எல்பனோரின் உடலை எடுத்துவரச் சொல்கிறான். விறகு வெட்டுகிறார்கள். கடலுக்குள் நீண்டிருக்கும் கரைமுனையில் கண்ணீரோடு அவனை அவன் ஆயுதங்களுடன் எரிக்கிறார்கள். மண்மேடு குவித்து, ஒரு கல்லை இழுத்துவந்து நிறுத்தி, உச்சியில் அவன் துடுப்பை நடுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு கிர்க்கே பணிப்பெண்களோடு ரொட்டியும் இறைச்சியும் மதுவும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வருகிறாள். அன்று இரவு, ஆட்கள் தூங்கியபின், ஒடிசியஸைத் தனியே அழைத்து உட்காரவைத்து, ஊருக்குப் போகும் வழியைச் சொல்கிறாள்.